நோட்டெல்லாம் சரி, பாட்டு மட்டும் வரவில்லை: ‘மனி’ பேஸ் லைனைப் பழகுவது பற்றி

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் கிட்டார் வாசித்திருக்கிறீர்கள், நான்கு மாதத்துக்கு முன்பு பேஸ் கிட்டார் வாங்கினீர்கள். பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘மனி’ பாடலை எடுத்துக்கொண்டு, இணையத்தில் கிடைத்த டேப்பை, அதாவது எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் (கழுத்தில் இருக்கும் கட்டம்) என்று எண்ணால் காட்டும் குறிப்பைப் பார்த்து, ஃப்ரெட் ஃப்ரெட்டாகப் பழகினீர்கள். இப்போது ஒரு நோட்டுகூடத் தப்பில்லை. ஆனால் பாட்டை ஓடவிட்டுக் கூடவே வாசித்தால், ‘நான் வாசிப்பது மட்டும் சகதியில் நடப்பது போல இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். கிட்டார் தனித்து முன்னால் வரும் சோலோ வந்தால் எண்ணிக்கையும் கைவிட்டுப் போகிறது. பிக் (கம்பியை மீட்டும் சிறு பிளாஸ்டிக் துண்டு) வைத்து வாசிப்பதா விரலாலா, இன்னும் எத்தனை நாள் ஆகும் என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். பிக், விரல், நாள்கணக்கு எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் உங்கள் கேள்வியின் உயிர் அந்தச் சகதியில்தான் இருக்கிறது. எந்த நோட்டு என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நோட்டு எங்கே முடிய வேண்டும் என்பது இன்னும் கைக்கு வரவில்லை. பேஸில் பாதி வேலை அதுதான்.

நான் இருபது வருஷமாகப் பேஸ் வாசிக்கிறேன். சர்ச் பாடகர் குழுவில் தொடங்கி, மெல்லிசைக் குழுக்களில் வாசித்து, இப்போது வாரத்தில் நான்கு நாள் சொல்லிக்கொடுக்கவும் செய்கிறேன். கிட்டாரிலிருந்து பேஸுக்கு வருபவர்கள் என்னிடம் நிறையப் பேர் படித்திருக்கிறார்கள். அதனால் உங்கள் கையைப் பார்க்காமலேயே சில விஷயங்களை ஊகிக்கிறேன். ஊகம் என்பதை மறக்க வேண்டாம்; கையை நேரில் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிகிற ஒன்று எழுத்தில் பார்த்தால் தெரியாமலே போகலாம்.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசித்த ஓர் அண்ணன். அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். ஒரு கல்லூரி விழாவுக்கு இரண்டு ராக் பாட்டு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள், அதில் ஒன்று இதே பாட்டு. நான் நீங்கள் செய்தது போலவே டேப்பை மனப்பாடம் செய்துகொண்டு ஒத்திகைக்குப் போனேன். நான்கு சுற்று வாசித்ததும் அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, நோட்டு எல்லாம் சரிதான். ஆனா நீ எப்ப நிறுத்துற?” என்றார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. நான்தான் நிறுத்தவே இல்லையே, தொடர்ந்து வாசிக்கிறேனே என்று நினைத்தேன். அவர் சொன்னது அதைத்தான். அன்று ஒரு மணி நேரம் என்னை ஒரே ஒரு நோட்டை வாசிக்கவைத்தார். காலால் அடிக்கும் கிக் டிரம்மோடு ஆரம்பிக்க வேண்டும், குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம் விழும்போது ஒலி சுத்தமாக நின்றிருக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நான் வாசித்த பேஸும் அதற்கு முன்பு வாசித்த பேஸும் வேறு வேறு.

சரி, பாட்டுக்கு வருவோம். 1973-ல் வந்த ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பத்தில் இருக்கிறது. லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் பதிவானது. எழுதியதும் பேஸ் வாசித்ததும் ரோஜர் வாட்டர்ஸ். பி மைனரில், ப்ளூஸ் அமைப்பின் மேல் கட்டிய பாட்டு. அதில் திரும்பத் திரும்ப வரும் பேஸ் வரிதான் ரிஃப். அந்த ரிஃப்பில் மொத்தம் எட்டு நோட்டு, ஏழு பீட் (தட்டு). பேஸின் நான்கு கம்பிகளுக்கு, தடிமனானதிலிருந்து, ஈ, ஏ, டி, ஜி என்று பெயர். ஏ கம்பியில் 2-வது ஃப்ரெட்டில் பி. ஜி கம்பியில் 4-ல் மேல் பி. டி கம்பியில் 4-ல் எஃப் ஷார்ப். மறுபடி ஏ கம்பி 2-ல் பி. அப்புறம் ஈ கம்பியில் 2-ல் கீழ் எஃப் ஷார்ப், 5-ல் ஏ. ஏ கம்பிக்குத் திரும்பி 2-ல் பி, 5-ல் டி. இரண்டாவது பீட்டில் மட்டும் இரண்டு நோட்டு, மற்ற பீட்டுகளில் ஒவ்வொன்று. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவராக இருந்தால் பி-யை ஸட்ஜமாக வைத்துப் பாடிப் பாருங்கள்: ஸ, மேல் ஸ, ப, ஸ, மந்தர ஸ்தாயி ப, நி, மறுபடி ஸ, க. சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம். முழு ரிஃப்பும் இந்த நான்கு ஸ்வரத்துக்குள் அடங்கிவிடுகிறது. வாயால் பாட வராத ரிஃப் கையில் உட்காராது என்று என் மாணவர்களிடம் சொல்வேன். இதைப் பேஸைத் தொடாமல் பாடிவிட்டால் பாதி தூரம் கடந்தாயிற்று.

இனி சகதி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். முதல் நோட்டை ஆள்காட்டி விரலால் ஏ கம்பி 2-ல் அழுத்துகிறீர்கள். அடுத்து மோதிர விரல் ஜி கம்பி 4-க்குப் போகிறது. இப்போது ஆள்காட்டி விரல் எங்கே இருக்கிறது? கிட்டார் வாசித்த கையாக இருந்தால், பெரும்பாலும் அது முதல் நோட்டை இன்னும் அழுத்திக்கொண்டே இருக்கும். கிட்டாரில் கார்டு பிடிக்கும்போது விரலை எடுக்காமல் வைத்திருப்பதுதான் நல்ல பழக்கம். இரண்டு வருஷம் அதைத்தான் பழகியிருக்கிறீர்கள். பேஸில் அதே பழக்கம் காலை வாரிவிடும். கீழ் பி ஒலித்துக்கொண்டே இருக்க, அதன் மேல் மேல் பி, அதன் மேல் எஃப் ஷார்ப் என்று மூன்றும் கலந்து இரைச்சலாகிறது. தாழ்ந்த ஒலிகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் காது அவற்றைப் பிரித்துக் கேட்காது. நீங்கள் சொன்ன சகதி அநேகமாக இதுதான்.

இதற்கு மருந்து, மோதிர விரல் இறங்கும் அதே கணத்தில் ஆள்காட்டி விரலின் அழுத்தத்தை மட்டும் விடுவது. விரலைக் கம்பியிலிருந்து தூக்கக் கூடாது. தூக்கினால் ஏ கம்பி திறந்து ஒலிக்கும், அது இன்னும் மோசம். அழுத்தம் போக வேண்டும், தொடுகை இருக்க வேண்டும். இதை மட்டும் தனியாக, ஆம்ப்ளிஃபயர் இல்லாமல், முதல் இரண்டு நோட்டை மட்டும் வைத்து ஐம்பது தடவை செய்யுங்கள்.

அடுத்த சிக்கல் ஜி கம்பி 4-லிருந்து டி கம்பி 4-க்குப் போவது. இரண்டும் ஒரே ஃப்ரெட், பக்கத்துப் பக்கத்துக் கம்பி, ஒரே மோதிர விரல். விரலைத் தட்டையாக இரண்டு கம்பி மேலும் படுக்கவைத்தால் சுலபம்தான், ஆனால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். விரல் நுனியைத் தூக்கி அடுத்த கம்பிக்குத் தாவினால் நடுவில் ஒரு இடைவெளி விழும். செய்ய வேண்டியது உருட்டல். ஜி கம்பியை விரலின் உள்பக்கச் சதையால், முதல் கணுவுக்குக் கீழே அழுத்துங்கள். டி கம்பிக்கு வரும்போது விரலை நுனிப்பக்கமாக உருட்டுங்கள். நுனி டி-யை அழுத்தும்போது சதை ஜி-யிலிருந்து லேசாக எழும்பி, தொட்டபடியே அதை அடக்கிவிடும். இந்த உருட்டலைப் பழக எனக்கு ஒரு வாரம் ஆனது. ஆள்காட்டி விரலுக்கும் இதேபோல ஒன்று உண்டு: மூன்றாவது பீட்டில் ஏ கம்பி 2, நான்காவது பீட்டில் ஈ கம்பி 2. அங்கேயும் உருட்டல்தான். அதன்பிறகு சுண்டு விரல் ஈ கம்பி 5, ஆள்காட்டி விரல் ஏ கம்பி 2. இந்த இடத்தில் ஆள்காட்டி விரலின் நுனி ஈ கம்பியை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். சுண்டு விரல் எழும்போது ஈ கம்பி தானாக முனகாமல் இருக்க அதுதான் வழி.

கவனித்தீர்களா, முழு ரிஃப்பும் 2-வது ஃப்ரெட்டிலிருந்து 5-வது ஃப்ரெட்டுக்குள் இருக்கிறது. நான்கு ஃப்ரெட், நான்கு விரல். உள்ளங்கை நகரவே தேவையில்லை. ஆனால் பேஸின் கம்பி நீளம் வழக்கமாக 34 அங்குலம், கிட்டாரில் ஏறத்தாழ 25 தான். கழுத்தின் இந்தப் பகுதியில் ஃப்ரெட்டுகள் அகலமாக இருக்கும். சிறிய கை என்றால் 2-க்கும் 5-க்கும் சேர்த்து விரிப்பது வலிக்கும். விரிக்க வேண்டாம். கட்டைவிரலைக் கழுத்தின் பின்னால் தளர்வாக வைத்துக்கொண்டு, அதை அச்சாக வைத்துக் கையைச் சற்று திருப்பிச் சுண்டு விரலைக் கொண்டுபோங்கள்; அடுத்த நோட்டுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். டபுள் பேஸ் வாசிப்பவர்கள் இப்படித்தான் தாழ்ந்த இடங்களில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்தே அழுத்தி, கையை நகர்த்தி வாசிக்கிறார்கள். சில டேப்புகளில் 5-வது ஃப்ரெட்டுக்குப் பதிலாகத் திறந்த ஏ கம்பியும் திறந்த டி கம்பியும் போட்டிருக்கும். ஸ்வரம் ஒன்றுதான், தப்பில்லை. ஆனால் திறந்த கம்பியை நிறுத்த அதன் மேல் எந்த விரலும் இல்லை. வேறு விரலைத் தேடிப் போய் அடக்க வேண்டும். உங்கள் பிரச்சினையே நிறுத்துவதில் இருப்பதால், இப்போதைக்கு அழுத்தி வாசிக்கும் இடங்களையே வைத்துக்கொள்ளுங்கள். இந்த விரல் அமைப்பு நான் வாசிப்பதும் சொல்லிக்கொடுப்பதும்; பதிவில் இப்படித்தான் இருந்தது என்று சொல்லவில்லை.

இப்போது நோட்டின் நீளம். டேப் உங்களுக்கு எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் என்று மட்டும் சொல்கிறது. எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான டேப்புகள் சொல்வதே இல்லை. வேகம் நிமிடத்துக்கு 120 பீட் என்று வைத்துக்கொண்டால் ஒரு பீட் அரை நொடி. அந்த அரை நொடி முழுக்க நோட்டு ஒலித்தால் ரிஃப் நடக்காது, இழுபடும். அதில் பாதியிலோ முக்காலிலோ நிறுத்தினால் நோட்டுக்கும் நோட்டுக்கும் நடுவில் ஒரு சிறு வெளி கிடைக்கும், அந்த வெளியில்தான் டிரம் கேட்கும். எந்த நோட்டுக்குப் பாதி, எதற்கு முக்கால் என்பதை நீங்களே கேட்டு முடிவு செய்ய வேண்டும். என் காதுக்கு முதல் பி-யும் கடைசியில் ஏறுகிற நான்கு நோட்டும் கொஞ்சம் உடம்போடு இருக்க வேண்டும், இரண்டாவது பீட்டின் இரண்டும் குட்டையாக இருக்க வேண்டும். இதில் உங்கள் காது வேறு தீர்ப்புச் சொன்னால் அதை மதியுங்கள். தீர்மானம் செய்து நிறுத்துவதுதான் முக்கியம். அடுத்த நோட்டு வந்து தள்ளியதால் நின்றது என்று இருக்கக் கூடாது. பிரிட்ஜ் (பேஸின் உடலில் கம்பிகள் போய் முடியும் இடம்) பக்கத்தில் கம்பிக்கு அடியில் ஒரு சிறு ஸ்பாஞ்ச் துண்டைச் செருகி வாசித்துப் பாருங்கள். ஒலி தானாகக் குறுகும். அந்தக் குறுகிய ஒலி எப்படி இருக்கிறது என்று காதுக்குத் தெரிந்ததும் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, அதையே விரலால் செய்யுங்கள்.

இரண்டாவது பீட்டில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அங்கே இருக்கும் இரண்டு நோட்டும் சம பங்கு இல்லை. பாட்டு ஸ்விங் ஆடுகிறது. ஒரு பீட்டுக்குள் ‘தகிட’ என்று சொல்லிப் பாருங்கள்: மேல் பி ‘த’-வில் விழுகிறது, எஃப் ஷார்ப் ‘ட’-வில் விழுகிறது, ‘கி’ சும்மா போகிறது. அதாவது திஸ்ர நடை. சரிபாதியாகப் பிரித்து வாசித்தால் எஃப் ஷார்ப் கால் நொடியில் வந்துவிடும். ஸ்விங்கில் அது மூன்றில் ஒரு நொடியில் வர வேண்டும். வித்தியாசம் நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் இந்த ரிஃப்பின் நடை இருக்கிறது. ஏழு பீட்டுக்கும் ஏழு ‘தகிட’ சொல்லிக்கொண்டே காலைத் தட்டுங்கள், அப்புறம் வாசியுங்கள். விரலால் வாசிப்பவர்களுக்கு இங்கே ஒரு பொறி உண்டு: ஜி, டி, ஏ என்று மூன்று கம்பியும் வரிசையாகக் கீழே வருவதால், வலது கை விரல் ஒரே இழுப்பில் மூன்றையும் வழித்துக்கொண்டு வரும். வழிப்பது நல்ல உத்திதான், ஆனால் அது இயல்பாகவே அவசரப்படும். மெதுவாக வழிக்கப் பழகும்வரை ஒவ்வொரு கம்பிக்கும் விரலை மாற்றியே வாசியுங்கள்.

ஏழு என்ற எண்ணிக்கைக்குப் பயப்பட நமக்குக் காரணமே இல்லை. மிஸ்ர சாபு தாளத்தில் கீர்த்தனை கேட்டு வளர்ந்த காதுக்கு ஏழு அந்நியம் கிடையாது. இந்த ரிஃப்பைப் பாருங்கள்: கீழ் பி-யில் தொடங்கி மேலே போய், மூன்றாவது பீட்டில் அதே பி-க்குத் திரும்புகிறது. அது ஒரு துண்டு, மூன்று பீட். பிறகு அடியிலிருக்கும் எஃப் ஷார்ப்பிலிருந்து ஏ, பி, டி என்று படி ஏறுகிறது. அது இன்னொரு துண்டு, நான்கு பீட். மூன்றும் நான்கும். ராக் புத்தகங்களில் இதை ஒன்றிலிருந்து ஏழு வரை எண்ணச் சொல்வார்கள். எண்ணலாம், ஆனால் எண்ணுகிற மனசு கேட்பதை விட்டுவிடுகிறது. ‘போய்த் திரும்பு, ஏறி வா’ என்று இரண்டு அசைவாக உணர்ந்தால் எண்ணவே வேண்டியதில்லை. கடைசி டி-யிலிருந்து பி-க்கு இறங்கும்போது அடுத்த சுற்று தானாகத் தொடங்கும். மெட்ரோனோம் (சீராகத் தட்டிக்காட்டும் கருவி) வைக்கும்போது நான்குக்கு ஒரு அழுத்தம் கொடுக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள், எல்லாத் தட்டும் ஒரே ஒலியாக இருக்கட்டும். 60-ல் தொடங்குங்கள். 60-ல் இடைவெளிகளைச் சுத்தமாக வைத்திருப்பது 120-ல் வைத்திருப்பதைவிடக் கஷ்டம், அதனால்தான் சொல்கிறேன்.

இந்தப் பாட்டின் தொடக்கத்தில் காசு விழுவதும், கல்லாப்பெட்டி திறப்பதும், காகிதம் கிழிவதும் தாளமாக வருமே, அதுவும் ஏழுதான். கணினி இல்லாத காலம். ஒவ்வொரு ஒலியையும் பதிந்து, ஒலிநாடாவை ஸ்கேல் வைத்து அளந்து ஒரே நீளமாக வெட்டி, ஒட்டி, வளையமாகச் சுற்றவிட்டார்கள். அந்த வளையத்தோடு சேர்ந்துதான் குழு வாசிக்கத் தொடங்கியது. பாடும் குரல் ஆரம்பிக்கும் முன் ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் அதை மெல்லக் குறைத்துவிட்டார். அதன்பிறகு அவர்களைப் பிடித்துவைக்க எந்தத் தட்டும் இல்லை. பாட்டு போகப் போக வேகம் ஏறுகிறது. இதை உங்களுக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது: முதல் நிமிடத்தின் வேகத்தில் மெட்ரோனோம் வைத்துப் பழகிவிட்டு, முழுப் பாட்டையும் பதிவோடு வாசித்தால் நீங்கள் பின்தங்குவது போலத் தோன்றும். அது உங்கள் தவறு இல்லை, பாட்டு உங்களை விட்டு ஓடுகிறது. மெட்ரோனோமில் பழகுவது கைக்கு. பதிவோடு வாசிக்கும்போது நிக் மேசனின் டிரம்மைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கிட்டார் சோலோவில் எண்ணிக்கை தவறுவது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. டிக் பாரியின் சாக்ஸஃபோன் சோலோ 7/4-லேயே, அதாவது சுற்றுக்கு ஏழு பீட்டிலேயே வருகிறது. அது முடிந்து டேவிட் கில்மரின் கிட்டார் வரும்போது பாட்டு 4/4-க்கு, அதாவது சுற்றுக்கு நான்கு பீட்டுக்கு மாறுகிறது. அதுவரை உடம்பு ஏழில் ஊறியிருக்கும். நான்கு பீட் கொண்ட சுற்று (பார்) இரண்டு சேர்ந்தால் எட்டு. ஏழு முடிந்ததும் உடம்பு ‘சுற்று முடிந்தது’ என்று சொல்லும், ஆனால் இன்னும் ஒரு பீட் பாக்கி. அந்த ஒரு பீட்டில்தான் எல்லாரும் விழுகிறார்கள். நான் சொன்ன அந்தக் கல்லூரி மேடையில் நானும் விழுந்தேன். ஒரு பீட் முன்னால் போய், சோலோவின் முதல் எட்டுப் பார் முழுக்கக் குழுவுக்கு வெளியே நின்றேன். ஒத்திகையில் நான் ரிஃப்பைப் பழகினேன், சோலோவின் பேஸைப் பழகினேன், இரண்டும் சேரும் மூட்டைப் பழகவே இல்லை. நீங்கள் மூட்டைப் பழகுங்கள். மாறுவதற்கு முன்பு இரண்டு சுற்று ஏழு, மாறிய பிறகு நான்கு பார் நான்கு. அதை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, முதலில் பேஸ் இல்லாமல் வாயால் தட்டை மட்டும் சொல்லுங்கள். சோலோ முடிந்து ஏழுக்குத் திரும்பும் இடத்தையும் இதே மாதிரி தனியாக வெட்டி எடுங்கள். சோலோவுக்கு நடுவில் ஒலியெல்லாம் சுருங்கி, எதிரொலி போய், சின்ன அறைக்குள் வாசிப்பது போல வறண்டு கேட்கும் ஒரு பகுதி உண்டு. அங்கே பழக்கமில்லாத கை பயந்து சத்தத்தைக் கூட்டிவிடும். அடங்கி இருங்கள்.

எதில் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். செல்போன் ஸ்பீக்கரில் என்றால் நீங்கள் பேஸைக் கேட்கவே இல்லை. இந்த ரிஃப்பின் அடி நோட்டான கீழ் எஃப் ஷார்ப் ஏறத்தாழ 46 ஹெர்ட்ஸ், முதல் பி 62 ஹெர்ட்ஸ். செல்போனின் சின்ன ஸ்பீக்கர் அந்த அளவுக்கு இறங்காது. மேலே இருக்கும் கிளை ஒலிகளை வைத்து மூளை மீதியை நிரப்பிக்கொள்கிறது. நோட்டு எது என்று தெரியும், எங்கே முடிகிறது என்று தெரியாது. சுமாரான ஹெட்ஃபோன் போதும். யூடியூப்பில் வேகத்தை 0.75 அல்லது 0.5-க்குக் குறைத்தாலும் ஸ்ருதி மாறாது. ஒரு நாள் பேஸைத் தொடாமல், ஹெட்ஃபோனில் பாதி வேகத்தில் நான்கே சுற்றை இருபது தடவை கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு நோட்டின் முடிவை மட்டும் கவனியுங்கள். தமிழ்த் திரைப்பாட்டில் இளையராஜாவின் பேஸை முணுமுணுத்து வளர்ந்தவராக இருந்தால் உங்கள் காது இதற்கு ஏற்கெனவே தயார்தான். பாட்டுக்கு அடியில் ஓடும் இன்னொரு பாட்டைக் கேட்க அவர் நமக்குப் பழக்கியிருக்கிறார்.

பிக்கா, விரலா? வாட்டர்ஸ் பெரும்பாலும் பிக் வைத்து வாசிப்பவர், இந்தப் பதிவும் என் காதுக்குப் பிக் போலத்தான் கேட்கிறது. ஒலியின் முனை கூர்மையாக வர பிக் உதவும். உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் மேல் வைத்து ஒலியைக் குறுக்கவும் அதில் வசதி. ஆனால் ஏ கம்பியிலிருந்து டி-யைத் தாண்டி ஜி-க்குப் போகும் தாவல் பிக்கில் கொஞ்சம் கடினம். நீங்கள் கிட்டாரில் பிக் பழகியவர் என்பதால் அதிலேயே ஆரம்பிக்கலாம். ஒரு மாதம் கழித்து விரலாலும் வாசித்துப் பாருங்கள். இந்த ரிஃப் இரண்டிலும் நன்றாக வரும். இதற்காக யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை, புதுக் கம்பியோ பெடலோ வாங்கவும் வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: வீட்டில் இருக்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் பேஸைச் சொருகி வாசிப்பதானால் சத்தத்தைக் குறைவாகவே வையுங்கள், ஸ்பீக்கர் கிழிந்துபோக வாய்ப்பு உண்டு.

எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள். தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்த என் மாணவர்களில், எட்டு நோட்டும் இடமும் ஒரே மாலையில் வந்தது. முடிவுகள் சுத்தமாக, பாட்டின் வேகத்தில் ரிஃப் வர மூன்று வாரத்திலிருந்து ஐந்து வாரம் ஆனது. சோலோவின் இரண்டு மூட்டும் சேர்த்து முழுப் பாட்டு வர இரண்டு, மூன்று மாதம். உங்களுக்குக் கிட்டார் பழக்கம் இருப்பதால் விரல் சீக்கிரம் வரும், ஆனால் அழுத்தத்தை விடும் பழக்கம் மற்றவர்களைவிடத் தாமதமாக வரலாம். விரல் நுனி எரிவது சகஜம், இரண்டு வாரத்தில் போய்விடும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள், அதில் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். செல்போனை மேஜையில் வைத்து, மெட்ரோனோமை 60-ல் ஓடவிட்டு, ரிஃப்பை எட்டுச் சுற்று வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். முதல் நோட்டு, இரண்டாவது நோட்டு தொடங்கும் முன் நின்றுவிட்டதா என்பதை மட்டும் பாருங்கள், வேறு எதையும் பார்க்க வேண்டாம். அந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். மூன்று வாரம் கழித்து அதே மாதிரி இன்னொன்று எடுத்து, இரண்டிலும் சகதி எந்த நோட்டில் இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள், அங்கிருந்து மேலே சொல்கிறேன்.